பத்துப் பேர், பத்து சைக்கிள்: லோட், தோர்தோஞ் பள்ளத்தாக்குகளில் ஒரு கிளப் பயணம்

சைக்கிள் கிளப் ஒன்று பிரான்சுக்குப் போகலாம் என்று பேச ஆரம்பித்தால் முதல் கேள்வி ஏற்றத்தைப் பற்றித்தான் வரும். எவ்வளவு செங்குத்து, எத்தனை கிலோமீட்டர், கால் தாங்குமா? நாட்டின் தென்மேற்கே, தோர்தோஞ் ஆற்றுக்கும் லோட் ஆற்றுக்கும் இடைப்பட்ட கிராமப்புறத்தில் ஒரு குழு தடுமாறும் இடம் வேறு. பகல் ஒன்றே முக்கால் மணி. சமையலறையை மூடிவிட்ட உணவகம். பூட்டிக் கிடக்கும் பேக்கரி. பசியோடு பத்துப் பேர். அடுத்த ஊர் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, நடுவில் ஒரு மேடு. அன்றைய சண்டை அங்கேதான் தொடங்கும். கால் பலத்தை மூன்று மாதத்தில் சேர்த்துவிடலாம். அந்த ஊர்களின் நேரக்கணக்கை முன்கூட்டியே படித்து, அதற்கு ஏற்ப நாளை அமைத்தால்தான் குழு பிழைக்கும்.

முதலில் நிலம். தோர்தோஞ், லோட், செலே ஆகிய மூன்று ஆறுகளும் சுண்ணாம்புக்கல் மேட்டை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. அந்த மேட்டை அங்கே கோஸ் என்பார்கள். ஆற்றோரம் கடல்மட்டத்துக்கு மேல் 100 முதல் 150 மீட்டர் இருக்கும். மேடு 300, 400 மீட்டர். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால் ஏறத்தாழ 200 மீட்டர் ஏறி, காய்ந்த சமவெளியில் சில கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி இறங்க வேண்டும். 5 சதவீதச் சரிவில் 200 மீட்டர் ஏற நான்கு கிலோமீட்டர் ஆகும். ஒரு நாளில் இப்படி இரண்டு வந்தால் போதும். மூன்றாவது வந்தால் குழு சிதறிவிடும்.

ஒரு வாரத்துக்கு நான் சிபாரிசு செய்வது சூயாக்கில் தொடங்கி காவோரில் முடியும் பாதை. இரண்டு ஊருமே பாரிஸ், லிமோஜ், துலூஸ் ரயில் தடத்தில் இருப்பதால் போன வழியே திரும்ப வேண்டியதில்லை. சூயாக்கிலிருந்து தோர்தோஞ் கரையோரமாக லக்காவ், அங்கிருந்து மேட்டில் ஏறி ரோக்கமதூர், பிறகு பதிராக், லூப்ரெசாக் வழியாக சேன் செரே. மொத்தம் 55 கிலோமீட்டர் அளவு. இதை ஒரே நாளில் முடிக்காமல் ரோக்கமதூரில் ஓர் இரவு தங்கலாம். சேன் செரேயிலிருந்து லக்கப்பெல் மரிவால் வழியாக ஃபிஜாக் 45 கிலோமீட்டர் வரும். ஃபிஜாக்கில் ஒரு நாள் ஓய்வு. பிறகு டி41 என்ற மாவட்டச் சாலையில் செலே ஆற்றைப் பிடித்துக்கொண்டே கப்ரெரே. கடைசியாக சேன் சிர்க் லாபோபிக்கு ஏறி இறங்கி, லோட் கரையாகக் காவோர்.

தனியாக ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்தத் தூரங்கள் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். பத்துப் பேரை வைத்துக் கணக்குப் போடுங்கள். பையோடு இந்த நிலத்தில் ஓடும் வேகம் மணிக்கு 15, 16 கிலோமீட்டர். அந்த 55 கிலோமீட்டரையும் ஒரே நாளில் ஓட்டுவதானால் மூன்றரை மணி நேரம். மதிய உணவுக்கு ஒன்றரை மணி. ஏற்றத்தின் உச்சியில் எல்லோரும் சேரக் காத்திருப்பது, தண்ணீர் பிடிப்பது, கழிப்பறை, ஜாக்கெட்டைப் போடுவது, கழற்றுவது, படம் எடுப்பது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி. ஒரு பஞ்சருக்கு இருபத்தைந்து நிமிடம். காலை எட்டரைக்குக் கிளம்பினாலும் மாலை மூன்றரை மணிக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். இதில் பதிராக் பாதாளக் குகையைப் பார்க்க இரண்டு மணி நேரத்தைச் செருகினால் ஐந்தரை. இரவு உணவு ஏழரைக்கு என்று வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். குளித்துவிட்டு மேஜைக்கு வரச் சரியாக இருக்கும். கிலோமீட்டரைக் கூட்டினால் முதலில் பறிபோவது குகையும் கிராமமும்தான். அவற்றை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வருவதில் என்ன பயன்?

எண்ணிக்கையைப் பத்தோடு நிறுத்துங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. இந்தப் பக்கம் நல்ல தங்குமிடம் ஷாம்ப்ர் தோத் எனப்படும், வீட்டுக்காரரே நடத்தும் விருந்தினர் அறைகள். பிரெஞ்சு சட்டப்படி ஒரு வீட்டில் அதிகபட்சம் ஐந்து அறை, பதினைந்து பேர். அதாவது அறைக்கு இருவராகப் பத்துப் பேர் போனால் வீடு நிறைந்துவிடும். பதினொன்றாவது ஆள் வந்தால் வேறு வீடு, வேறு காலைச் சிற்றுண்டி, காலையில் அவருக்காக மற்றவர்கள் காத்திருப்பு. தனி அறைதான் வேண்டும் என்பவர்கள் எத்தனை பேர் என்று முன்பணம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கணக்கு உடைவது பெரும்பாலும் அங்கேதான். இரண்டாவது வசதி, ஜீத் தெதாப் என்ற நடைப்பயணிகள் விடுதி. மலிவு, பொது அறை, சமையலறையும் இருக்கும். ஆனால் ஃபிஜாக், கஜார்க், காவோர் மூன்றும் லெ புய்யிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ போகும் யாத்திரைப் பாதையில் இருப்பதால் மே மாதமும் செப்டம்பரும் நடைப்பயணிகளால் நிரம்பிவிடும். அந்த மாதங்கள்தான் சைக்கிளுக்கும் ஏற்றவை. எனவே ஆறு மாதம் முன்பே பிடிக்க வேண்டும். மே மாதத்தில் 1, 8 தேதிகளும் விண்ணேற்ற வியாழனும் விடுமுறை. அவை வார இறுதியை ஒட்டி வரும்போது பிரான்சே கிளம்பி வெளியூர் போகும். அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். வெயில் 35 டிகிரியைத் தாண்டும், ரோக்கமதூரில் நிற்க இடமிருக்காது.

'அக்கோய் வெலோ' என்ற பச்சை முத்திரை உள்ள தங்குமிடங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். குறிக்கப்பட்ட சைக்கிள் பாதையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் வேண்டும், பழுதுபார்க்க அடிப்படைக் கருவிகள் வேண்டும் என்பதெல்லாம் அந்த முத்திரைக்கான நிபந்தனைகள். 'இடம் இருக்கிறது' என்று சொல்லும் வீட்டில் இரண்டு சைக்கிளுக்குத்தான் இடம் இருக்கும். பத்து என்ற எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ரயில்தான் இந்தப் பயணத்தின் குறுகிய கழுத்து. பாரிஸ் ஒஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து இந்தத் தடத்தில் ஓடும் நெடுந்தூர ரயிலில் சைக்கிளுக்குத் தனி முன்பதிவு வேண்டும், கட்டணம் 10 யூரோ. ஒரு ரயிலில் இருப்பது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய இடங்கள். பத்தும் ஒரே ரயிலில் கிடைக்கும் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள். முன்பதிவு திறக்கும் நாளன்றே குழுவை ஐந்து ஐந்தாகப் பிரித்து, முன்னும் பின்னுமான இரண்டு ரயிலில் போடுங்கள். முதல் ஐவர் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிவிடலாம், நேரம் வீணாகாது. டி.இ.ஆர் எனப்படும் மாகாண ரயில்களில் பெரும்பாலும் கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு மூன்று கொக்கிகளோடு வரும் வண்டிகளும் உண்டு. நடத்துநர் மறுத்தால் மறுப்புதான். இன்னொன்று: தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திவிட்டுப் பேருந்து விடும் நாட்கள் உண்டு. அந்தப் பேருந்தில் பொதுவாகச் சைக்கிள் ஏறாது. பயணச்சீட்டு வாங்கிய பிறகும் பயண வாரத்தில் ஒருமுறை கால அட்டவணையைச் சரிபாருங்கள்.

லண்டனிலிருந்தோ பாரிஸ் புறநகரிலிருந்தோ வருபவர்கள் சொந்த சைக்கிளைக் கொண்டுவருவதே நல்லது. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருபவர்களுக்கு வாடகைதான் என் யோசனை, பெடலும் சீட்டும் மட்டும் சொந்தமாகக் கொண்டுவந்தால் போதும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும் என்பதை மறந்து மரையைக் கெடுத்துவிடாதீர்கள். மின்சார சைக்கிளின் பேட்டரி 160 வாட் மணிக்கு மேற்பட்டதென்றால் பயணிகள் விமானத்தில் ஏறாது; கிட்டத்தட்ட எல்லா பேட்டரியும் அதற்கு மேல்தான். அதை அங்கேயே வாடகைக்கு எடுக்க வேண்டும். குழுவில் ஒருவருக்கு முட்டிவலி என்றால் தயங்காமல் மின்சார சைக்கிள் கொடுங்கள். ஆனால் அவர் முன்னால் போகக் கூடாது, நடுவில் வரட்டும். முன்னால் போனால் ஏற்றத்தில் மற்றவர்களை அறியாமலே இழுத்துக் களைக்க வைத்துவிடுவார்.

கியர் விஷயத்தில் பெருமை வேண்டாம். ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். முன் கியர் சக்கரத்தில் 34 பல், பின்னதில் 34 பல் என்றால் ஒரு மிதிப்புச் சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.6 கிலோமீட்டர். 7 சதவீத ஏற்றத்தில் அதற்கு 160 வாட் வரை வேண்டும். வாரம் ஒருமுறை ஓட்டுபவருக்கு அரை மணி நேரம் அதைத் தாங்குவது கடினம். அதே ஏற்றத்தில் முன் 26, பின் 36 என்றால் வேகம் 5.5 ஆகக் குறையும், தேவை 115 வாட் பக்கம். மூச்சு முட்டாமல் பேசிக்கொண்டே ஏறலாம். வாடகைக் கடைக்கு எழுதும்போது 'டூரிங் சைக்கிள்' என்று மட்டும் கேட்காமல் பல் எண்ணிக்கையைக் கேளுங்கள். டயர் 32 முதல் 35 மில்லிமீட்டர் அகலம். பையோடு போகும்போது பின் டயருக்கு 60, 65 பி.எஸ்.ஐ., முன்னுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து. அதற்கு மேல் அடித்தால் அந்தச் சாலைகளின் சொரசொரப்பு உள்ளங்கையில் தெரியும்.

சாமானைச் சுமந்துவர வேன் வைப்பதா, பைகளை நாமே ஏற்றிக்கொள்வதா என்பது எல்லாக் கிளப்பிலும் வரும் விவாதம். வேன் என்றால் தினம் ஒருவர் ஓட்டாமல் உட்கார வேண்டும், அந்த ஒருவர் மாறிமாறி வர வேண்டும், அத்தனை பேரிடமும் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் வேண்டும். மாறாக, ஆளுக்கு எட்டு கிலோவில் இரண்டு பின் பைகள். இரண்டு சவாரி உடை, மாலைக்கு ஒரு உடை, மழைக்கோட்டு, மெல்லிய சூடான சட்டை, மருந்து, சார்ஜர். துவைத்துக் காயப்போட்டால் காலைக்குள் உலர்ந்துவிடும் துணிகள். வீட்டில் நிரப்பிய பையைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். முதல் தடவை எல்லோருக்கும் பன்னிரண்டு கிலோ காட்டும். நான் பைகளின் பக்கம்தான். குழு தன் வேகத்தில், தன் நேரத்தில் போகலாம்.

பை ஏற்றினால் கேரியர் போல்ட்டைத் தினம் பார்க்க வேண்டும். பெரும்பாலான கேரியர்கள் எம்5 அளவு போல்ட்டில், அச்சுக்கு அருகே ஃப்ரேமோடு பிணைந்திருக்கும். சுமை இடமும் வலமும் ஆட ஆட போல்ட் நூலிழை அளவு தளரும். தளர்ந்ததும் அசைவு கூடும், அசைவு கூடியதும் போல்ட் தலையடியில் அறுந்து, உடைந்த துண்டு ஃப்ரேமின் துளைக்குள் நின்றுவிடும். அதை வழியில் எடுக்க முடியாது. அன்றைக்கு இறுக்கமான ஜிப் டையும் மனத் தைரியமும்தான். காலையில் பையை மாட்டும் முன் 4 மில்லிமீட்டர் ஆலன் கீயால் நான்கு போல்ட்டையும் தொட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். கிளம்பும் முன் வீட்டிலேயே போல்ட் தளராமல் பிடிக்கும் திரெட்லாக் பசை ஒரு சொட்டு போடுங்கள், நான்கு உதிரி போல்ட் கையில் இருக்கட்டும்.

அடுத்து ஸ்போக்ஸ் கம்பி. பின்சக்கரத்தில் கியர் பக்கக் கம்பிகள்தான் அதிகம் இழுபட்டிருக்கும், உடைவதும் பெரும்பாலும் அவையே, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் வளையும் இடத்தில். மாற்ற வேண்டுமானால் பின் கியர் கொத்தைக் கழற்ற வேண்டும். அதற்கான கருவி ஒன்று பத்துப் பேருக்கும் பொதுவாகப் போதும். ஆனால் கம்பியின் நீளம் சக்கரத்துக்குச் சக்கரம் மாறும், எனவே உதிரிக் கம்பி இரண்டை அவரவர் கொண்டுவந்து ஃப்ரேமில் டேப் போட்டு ஒட்டிவைக்க வேண்டும். உடைந்த உடனே செய்ய வேண்டியது: உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு கட்டு, ரிம் பிரேக்கானால் சற்று திறந்து விடு, ஹப்பின் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் அடுத்துள்ள இரண்டு கம்பிகளை அரைச் சுற்று தளர்த்து, அவருடைய பைகளை மற்றவர்கள் பங்கிட்டு எடுத்துக்கொள்ளட்டும். இப்படி நாற்பது கிலோமீட்டர் போய்விடலாம். கியர் மாற்றியை (டெரெய்லர்) ஃப்ரேமோடு பிணைக்கும் ஹேங்கரும் அப்படியே, ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வடிவம், ஒருவருடையது இன்னொருவருக்குப் பொருந்தாது. ரயிலில் சைக்கிள் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான். சர்லா, ஃபிஜாக், காவோர் போன்ற ஊர்களைத் தாண்டினால் சைக்கிள் கடையை எதிர்பார்க்க முடியாது, இருக்கும் கடையும் திங்கட்கிழமை மூடியிருக்கலாம். செயின் கருவி, இணைப்புக் கண்ணிகள், கியர் கேபிள், பிரேக் கேபிள், கிழிந்த டயருக்கு உள்ளே வைக்க ஒரு ரப்பர் துண்டு ஆகியவற்றைப் பொதுப்பையில் வைத்து, கடைசியாக வருபவரிடம் கொடுங்கள். முன்னால் போகிறவரிடம் இருந்தால் பழுதான சைக்கிளைத் தேடி அவர் திரும்பி வர வேண்டும்.

குழுவாக ஓட்டும் முறை பற்றி. சட்டப்படி இருவர் பக்கம் பக்கமாகப் போகலாம், அதற்கு மேல் கூடாது. இருட்டினாலோ, பின்னால் வரும் வண்டி முந்த வருவதை அறிவித்தாலோ ஒற்றை வரிசை. ஊருக்கு வெளியே கார்கள் சைக்கிளை முந்த ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். வளைவான டி சாலைகளில் பத்துப் பேர் நீண்ட சங்கிலியாகப் போனால் எந்த ஓட்டுநராலும் முழுதாகத் தாண்ட முடியாது, பாதியில் உள்ளே நுழைவார். ஐந்து ஐந்தாகப் பிரியுங்கள், நடுவே 200 மீட்டராவது இருக்கட்டும்.

வழி தவறாமல் இருக்க நம்பகமான முறை ஒன்றுண்டு. முன்னால் போகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் தனக்கு அடுத்து வருபவரைக் கையால் காட்டி அங்கேயே நிறுத்துகிறார். நிற்பவர் சாலையை விட்டு இறங்கி, திரும்ப வேண்டிய பக்கம் தெரியும்படி நிற்கிறார். கடைசி ஆள் வரும்வரை நகரமாட்டார். கடைசி ஆள் தெரிந்ததும் ஏறிக்கொண்டு அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்கிறார். இப்படி எல்லோரும் சுழன்று வருவார்கள். வேகமானவர்கள் தானாகவே நின்று நின்று வருவதால் மெதுவானவர் மீது பாரம் விழாது. முறை முறிவது ஒரே காரணத்தால்: நிறுத்தப்பட்டவர் 'எல்லோரும் போய்விட்டார்கள் போல' என்று தானாக முடிவெடுத்துக் கிளம்புவது. கடைசி ஆள் யார் என்பது அன்று முழுதும் மாறக் கூடாது, அவர் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் சட்டை போட்டிருக்க வேண்டும். ஜிபிஎஸ் கோப்பை எல்லோருடைய போனிலும் ஏற்றிவிடுங்கள். செலே பள்ளத்தாக்கில் பாறைச் சுவர்களுக்கு நடுவே போன் சிக்னல் போய்விடும் இடங்கள் உண்டு என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். காகிதத்தில் மிஷலின் வரைபடம் ஒன்று. அதில் சாலை மீது ஒரு அம்புக்குறி என்றால் 5 முதல் 9 சதவீதச் சரிவு, இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். பச்சைக் கோடு ஒட்டிய சாலைகள் அழகானவை. வெள்ளைச் சாலைகள் ஆளில்லாதவை. அவற்றைத்தான் தேட வேண்டும்.

இந்தியா, இலங்கை, இங்கிலாந்தில் பழகிய கண்ணுக்கு வலப்பக்கம் ஓட்டுவதைவிட ஆபத்தானது வலப்பக்க முன்னுரிமை. கிராமத்துக்குள் பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்புறச் சந்திலிருந்து வரும் வண்டிக்கு நீங்கள் வழி விட வேண்டும். அது ஒரு டிராக்டராக இருக்கும், நிற்காது. மஞ்சள் சாய்சதுரப் பலகை இருந்தால் உங்கள் சாலைக்கு முன்னுரிமை. அதன் மேல் கறுப்புக் கோடு கிழித்திருந்தால் அந்த முன்னுரிமை அங்கே முடிந்தது. காதில் இயர்போன் வைத்துக்கொண்டு ஓட்டினால் 135 யூரோ அபராதம். மது வரம்பு கார்காரருக்கு இருக்கும் அதே, லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம்தான், காவோரின் கறுப்பு ஒயினை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மங்கலான வெளிச்சத்தில் ஊருக்கு வெளியே ஒளிரும் மேலங்கி கட்டாயம்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது கிராவியோன் என்று எழுதிய பலகையைப் பார்த்தால்தான். கோடையில் கிராமச் சாலைகளுக்குத் தார் ஊற்றி அதன் மேல் பொடி ஜல்லியைக் கொட்டி, வண்டிகள் ஓடி அழுத்தட்டும் என்று விட்டுவிடுவார்கள். முதல் சில நாட்கள் உதிரி ஜல்லி சாலை நடுவிலும் வளைவின் வெளிப்பக்கத்திலும் குவிந்திருக்கும். இறக்கத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் அதன்மேல் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கிவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கார் டயர் அழுத்திய தடத்தில் ஓட்டி, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போக வேண்டும். இறக்கங்களில் ஆளுக்கு ஆள் முப்பது மீட்டர் இடைவெளி.

கோஸ் மேட்டில் தண்ணீர் கிடையாது. பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி அடியில் ஓடிவிடும். பதிராக்கின் 100 மீட்டர் ஆழத்தில், 1889-இல் எதுவார் அல்பிரேத் மர்தேல் இறங்கிப் பார்த்த ஆறு அப்படித்தான் உண்டானது. மேலே ஓடையும் இல்லை, கடையும் இல்லை, குட்டை ஓக் மரமும் ஆட்டுப் பட்டியும்தான். மணிக்கு அரை லிட்டர், வெயில் ஏறினால் முக்கால் லிட்டர் என்று வையுங்கள். பள்ளத்தாக்கை விடும்போது ஆளுக்கு ஒன்றரை லிட்டர் இருக்க வேண்டும். தீர்ந்துபோனால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிக்கு ஊற்ற ஏறத்தாழ எல்லாக் கல்லறையிலும் ஒரு குழாய் இருக்கும், பெரும்பாலும் ஊர்க் குடிநீரேதான். குடிக்கத் தகாத தண்ணீர் என்று 'நோன் பொத்தாப்ள்' பலகை தொங்கினால் மட்டும் தலையில் ஊற்றிக்கொள்வதோடு நிறுத்துங்கள். உணவகத்தில் குழாய்த் தண்ணீர் ஜாடி இலவசம். கேட்டால் தந்தாக வேண்டும்.

இப்போது சாப்பாடு. கிராமத்து உணவகம் மதியம் பன்னிரண்டுக்குத் திறந்து, ஒன்றேகாலுக்கு மேல் புது ஆட்களை ஏற்கத் தயங்கும். பத்துப் பேர் முன்னறிவிப்பில்லாமல் பன்னிரண்டரைக்குப் போய் நின்றாலும் இடமிருக்காது. முந்தின மாலையே தங்கும் வீட்டுக்காரரைப் போன் செய்யச் சொல்லுங்கள், உள்ளூர்க் குரலுக்கு மதிப்பு அதிகம். எல்லா நாளும் உணவகம் தேவையில்லை. காலை எட்டரைக்கு முதல் பேக்கரியில் இருவர் மட்டும் உள்ளே போய் பத்துப் பேருக்கும் ரொட்டி வாங்கிவிட வேண்டும். பத்துப் பேரும் தனித்தனியாக வரிசையில் நின்றால் இருபது நிமிடம் போய்விடும். ஞாயிறு மதியத்துக்கு மேல் பல்பொருள் கடை மூடும், திங்கட்கிழமை பேக்கரியே மூடியிருக்கலாம். ஆகவே ஞாயிறு காலையிலேயே திங்கள் மதியத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். சனிக்கிழமை ஃபிஜாக்கில் இருக்கும்படி திட்டம் போட்டால் சந்தை கிடைக்கும். ரோக்கமதூர் ஆட்டுச் சீஸ், உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன வட்டு, 35 கிராம்தான் இருக்கும். வால்நட், தக்காளி, செர்ரி, ரொட்டியோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் அதைவிட நல்ல மதிய உணவு அந்தப் பக்கம் இல்லை.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டும், இது வாத்து நாடு. உருளைக்கிழங்கு வறுவல் வாத்துக் கொழுப்பில் வரும், பூண்டு சூப்பும் அப்படியே. ஆட்டுச் சீஸ் சாலட் என்று பட்டியலில் இருப்பதன் மேல் பன்றி இறைச்சித் துண்டுகள் தூவியிருக்கும். பாரம்பரியச் சீஸ் பலவற்றில் கன்றின் இரைப்பை நொதி உண்டு என்பதும் கண்டிப்பான சைவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரவில் வீட்டுக்காரர் எல்லோருக்கும் ஒரே சமையல் செய்து தானும் உடன் உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த மேஜைதான் இந்தப் பயணத்தின் உயிர். ஆனால் அன்று மாலை போய் 'எனக்கு இறைச்சி வேண்டாம், மீனும் வேண்டாம், கொழுப்பும் வேண்டாம்' என்றால் அவர் என்ன செய்வார்? அறை பிடிக்கும்போதே எழுதுங்கள், முந்தின நாள் மீண்டும் நினைவூட்டுங்கள். முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் மாற்று ஏற்பாடு ஆம்லெட்டாகத்தான் இருக்கும்.

சைக்கிள் சுற்றுலாவுக்குப் பிரான்சில் ஆசான் என்று சொல்லத்தக்கவர் வெலோசியோ என்ற பெயரில் எழுதிய போல் த விவி, 1853 முதல் 1930 வரை வாழ்ந்தவர், கியர் மாற்றும் சைக்கிளுக்காக வாதாடியவர். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி, வீம்புக்காக ஒருபோதும் மிதிக்காதே என்பது அவர் வகுத்த விதிகளில் சில. மூன்றாவதுதான் கிளப்புகளுக்கு அதிகம் தேவை. முதல் நாள் காலை உற்சாகத்தில் இரண்டு பேர் வேகம் கூட்டுவார்கள், மற்றவர்கள் விடாமல் துரத்துவார்கள், மூன்றாம் நாள் நான்கு பேருக்கு முட்டி வலிக்கும்.

செலே பள்ளத்தாக்கை அவசரப்படாமல் கடக்க வேண்டும். டி41 ஆற்றோடு வளைந்து வளைந்து போகும், ஏற்றம் அதிகமில்லை, பல இடங்களில் பாறை சாலைக்கு மேலேயே கவிந்து நிற்கும். எஸ்பாஞாக், ப்ரெங், மர்சியாக்கின் பாழடைந்த மடாலயம் எல்லாம் வழியிலேயே. கப்ரெரேக்கு மேலே பெஷ் மெர்ல் குகை. 1922-இல் உள்ளூர்ப் பதின்வயதுப் பையன்கள் தவழ்ந்து போய்க் கண்டுபிடித்தது, உள்ளே புள்ளிக் குதிரைகள், ஏறக்குறைய 29,000 ஆண்டுப் பழமை. அசல் ஓவியத்தையே நேரில் பார்க்கலாம். அதனால் ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் விடமாட்டார்கள். பத்து இடம் வேண்டுமானால் வெகு முன்பே, குறிப்பிட்ட மணிக்குப் பதிவு செய்ய வேண்டும். கிராமத்திலிருந்து குகை வாசலுக்குக் கடும் ஏற்றம் என்பதால் அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள். உள்ளே 12, 13 டிகிரி. வியர்த்த சட்டையோடு ஒரு மணி நேரம் நின்றால் முதுகு பிடித்துக்கொள்ளும், உலர்ந்த சட்டை ஒன்று கையில் எடுத்துப் போங்கள்.

கடைசி நாள் சேன் சிர்க் லாபோபி ஆற்றுக்கு மேல் நூறு மீட்டர் உயரப் பாறையில் இருக்கிறது. காலை ஒன்பதுக்குள் ஏறிவிட்டால் தெருக்கள் உங்களுடையவை, பதினொன்றுக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகளுடையவை. உள்ளே உருண்டைக் கற்கள் பதித்த தெரு, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் உள்ள காலணி வழுக்கும். அங்கிருந்து காவோர் வரை இறக்கமும் ஆற்றோரமும்தான். பதினான்காம் நூற்றாண்டின் வலாந்த்ரே பாலத்திலிருந்து ரயில் நிலையம் நடக்கும் தூரம்.

நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். எல்லாப் பைகளையும் மேடையிலேயே கழற்றி, ஒருவருடைய இரண்டு பைகளையும் பட்டையால் ஒன்றாகக் கட்டுங்கள். சைக்கிள் பெட்டி மேடையில் எங்கே வந்து நிற்கும் என்று பலகையில் பார்த்து அங்கேயே நில்லுங்கள். ரயில் நிற்பது சில நிமிடம்தான், படிகள் உயரம். இருவர் முதலில் வெறுங்கையோடு ஏறிக்கொள்ளட்டும், இருவர் கீழிருந்து சைக்கிளைத் தூக்கிக் கொடுக்கட்டும், பைகள் கடைசியில். முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டும்போது ஒன்றை உள்நோக்கியும் அடுத்ததை வெளிநோக்கியும் மாட்டினால் ஹேண்டில்பார்கள் முட்டிக்கொள்ளாது. மாட்டியதும் பின்சக்கரத்தைச் சுவர்க் கம்பியோடு ஒரு பட்டையால் இழுத்துக் கட்டிவிடுங்கள். காவோருக்கு வடக்கே தடம் வளைந்து வளைந்து போகும், கட்டாத சைக்கிள் ஆடி ஆடிப் பக்கத்துச் சைக்கிளின் டெரெய்லரை வளைத்துவிடும்.